நாற்பத்தேழாம் வீட்டுக் கதவு

வெள்ளிக்கிழமை காலை, சாமி விளக்கின் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தபோது தகவல் வந்தது. சிம்பாங் அம்பாட் மரியசெல்வி அக்கா தவறிவிட்டார். நெஞ்சுவலியாம். அப்படியே உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இதை எழுதும்போதும் அது தணியவில்லை.

அக்காவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு எழுதும் ஆய்வு வேலையிலேயே தலை நரைத்தவர். ஓர் அறநிறுவனம், தோட்டக் குடியிருப்பு நோயாளிகளை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேன் தருவதாகவும், தேவை உண்டா என்று விசாரித்து எழுதி அனுப்பும்படியும் சொல்லியிருந்தது. அதைக் கேள்விப்பட்டு, ஓய்வு பெற்ற அக்கா தாமாகவே எங்கள் தோட்டத்துக்கு வந்தார்.

எல்லா வீட்டையும் கேட்க ஆளில்லை. திருவிழா அழைப்புக்காக நான் வைத்திருந்த நோட்டிலிருந்து வீட்டு எண்களைச் சீட்டுகளில் எழுதச் சொன்னார். பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கி இருபது எடுத்தார். "உனக்குப் பழக்கமான வீடு, நாய் இல்லாத வீடுன்னு பாத்துப் போகக் கூடாது தங்கச்சி. எல்லா வீட்டுக்கும் ஒரே வாய்ப்பு."

அதில் நாற்பத்தேழாம் வீடு பூட்டிக் கிடந்தது. இரண்டாம் தடவையும் பூட்டுதான். வெயில் மண்டையைப் பிளந்தது.

"பக்கத்து வீட்ல கேட்டுக்கலாம்லா அக்கா" என்றேன்.

"நீ அம்மன் முன்னால பூக்கட்டிப் போட்டுப் பாக்கிறவதானே? எடுத்த பொட்டலம் பிடிக்கலைன்னா வேற எடுப்பியா?"

"ஐயையோ, சாமி குத்தம்!"

"அப்ப இது மட்டும் என்னவாம்? நட."

"சர்ச்சுக்குப் போறவங்க எனக்கு அம்மன் நியாயம் சொல்றீங்க!" என்றேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

மூன்றாம் தடவை, ஞாயிற்றுப் பூசை முடிந்து நேராக வந்தார். கதவு திறந்தது. வீட்டுக்காரருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். விடியுமுன் மனைவி இரண்டு பஸ் மாறிக் கூட்டிப்போய், பொழுது சாயத்தான் திரும்புகிறார். மற்ற நாள்களில் கதவைத் திறக்கவும் வீட்டுக்காரருக்குத் தெம்பில்லை. மனைவி வேலைக்குப் போகும்போது பூட்டிவிட்டுப் போகிறார்.

"பாத்தியா? பூட்டின வீட்டை விட்டிருந்தா, வேன் வேண்டியவரையே விட்டிருப்போம்" என்றார் அக்கா.

ஆனால் எங்கள் தோட்டத் தலைவர் இரண்டு நாள் முன்பே முந்திக்கொண்டிருந்தார். "வெள்ளிக்கிழமை கோயிலுக்கு ஊரே வருதுலா, ஒரே நாள்ல முடிச்சிரலாம்" என்று அன்னதான வரிசையில் நின்றவர்களிடம் கேள்விப் பாரத்தை நீட்டினார். நிற்க முடிந்தவர்கள்தானே வரிசையில் நிற்பார்கள்! நானும் நின்றேன். எங்கள் வீட்டில் கார் இருக்கிறது. 'வேன் தேவையில்லை' என்று உண்மையைத்தான் எழுதினேன். அம்மன் வாசலில் எழுதிய அந்த உண்மை, நாற்பத்தேழாம் வீட்டுக்காரரின் வழியை அடைத்தது. என் கோபத்தில் எனக்கும் பங்குண்டு.

அந்தப் பாரங்களைத் தலைவர் அனுப்ப, நிறுவனத்திலிருந்து பதில் வந்தது: இங்கே வேன் தேவையில்லை.

எங்கள் இருபது பாரங்களோடு அக்கா அந்த நிறுவனத்துக்குப் போனார். நானும் போனேன். "உங்க தோட்டத்துப் பாரம் ஏற்கெனவே வந்துருச்சும்மா. அதுல ஆள் நிறைய" என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். "ஒரே வரிசையில நின்னவங்களை எத்தனை பேரைக் கேட்டு என்ன செய்ய?" என்றார் அக்கா. அடுத்த வாரம் அவர் இல்லை.

அடக்கத்தன்று தலைவர் மைக்கைப் பிடித்து, "அக்காவை வழியனுப்ப ஊரே வந்திருக்கு" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"ஊரே வரலைண்ணே. நடக்க முடிஞ்சவங்க வந்திருக்கோம்" என்றேன், எல்லார் முன்னாலும்.

"இந்த நேரத்தில என்னம்மா இது?"

"இந்த நேரத்திலயாவது சொல்றேன்."

சவ வண்டி ஓட்டுநரிடம் போய், கல்லறைக்குப் போகும் வழியில் எங்கள் தோட்டத்துப் பின் லைன் வீடுகள் பக்கம் திருப்பச் சொன்னேன். அக்காவின் மகள் தலையசைத்தார்.

உயிரோடு இருப்பவர்களுக்கு வராத வேன், அன்று வந்தது. நாற்பத்தேழாம் வீட்டு வாசலில் நின்றது. கதவு திறந்திருந்தது. மனைவியின் தோளைப் பிடித்து எழுந்து நின்ற அவர், டயாலிசிஸ் ஊசிக்குக் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் கும்பிட்டார்.

போய் வாருங்கள் அக்கா. இருபது பாரங்களும் சாமி மாடத்தில் பத்திரமாக இருக்கின்றன. நிறுவனத்துக்கு இரண்டு தடவை போய்விட்டோம். திங்கட்கிழமை மூன்றாம் தடவை. நான் போகிறேன்.