போனை மட்டும் கொடுத்துவிட்டுப் போங்கள்

கோட்டுச்சேரியைத் தாண்டி வடக்கே நடந்துகொண்டிருந்தேன். ஊரடங்குக் கோடை, பஸ் கிடையாது. நான் பரோட்டா மாஸ்டராக இருந்த ஹோட்டலை மூடிவிட்டார்கள். தலத்தெருவில் ஒற்றை அறை வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு நாள் முழுக்க அடைந்து கிடக்க வேண்டியிருந்தது. ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ஊர் ஊராகத் திரிந்தவன் நான். பிள்ளைகளின் சண்டையும் கூச்சலும் தாங்கவில்லை. "வேலை தேடிட்டு வரேன்" என்று மனைவியிடம் பொய் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தேன்.

சட்டைப்பையில் போன் அடித்தது. பக்கத்து வீட்டு அக்காவின் எண். பேசியது என் மகள்.

"அப்பா, பத்தரைக்கு எனக்கு ஆன்லைன் பரீட்சை. போனு உங்ககிட்ட இருக்கு."

வீட்டுக்கே அந்த ஒரு போன்தான். எடுத்து வந்தது எனக்கு உறைக்கவே இல்லை.

"அக்கா போன்ல எழுதேன்மா."

"அதுல அவங்க புள்ள எழுதணும். நீங்க போறதுன்னா போங்கப்பா. போனை மட்டும் குடுத்துட்டுப் போங்க."

போனில் அவளுக்குப் பின்னாலிருந்து என் மகன், "இந்தத் தடவை எந்த ஊராம்?" என்று சிரித்தான்.

அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. நான் இப்படி வீட்டை விட்டுப் போவது அவளுக்குப் பழகிவிட்டிருந்தது. அதுதான் என்னை நடுரோட்டில் நிறுத்தியது.

வெயிலில் ஓட்டமும் நடையுமாகத் திரும்பினேன். பரீட்சைக்கு நான்கு நிமிடம் இருந்தது. போனை வாங்கியவள், "சத்தம் போடாம உக்காருங்க" என்றாள். மகனை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் எழுதி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு நேரம் நான் அந்த வீட்டில் ஓரிடத்தில் அசையாமல் உட்கார்ந்ததே இல்லை.

மறுநாள் காலை, தலத்தெருவிலேயே காய்கறி வண்டி தள்ளும் வேலையில் சேர்ந்தேன். நடக்கிற வேலைதான்; ஆனால் மத்தியானம் வீடு திரும்பிவிடலாம். போனை மகளின் புத்தகங்கள் மேல் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.