நூற்று ஐந்து விரிப்புகள்

அந்தப் பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் அவளுக்குப் பெயர் நீராவி. பதினெட்டு வருடமாக, சூட்டில் தேய்த்து உலர்த்தும் உருளை இயந்திரத்தின் முன்னால் நின்று ஈரப் படுக்கை விரிப்புகளை உள்ளே கொடுக்கிறவள். ஒரு விரிப்புக்கு நாற்பது விநாடி. கூட விட்டால் கருகும், குறைத்தால் ஈரம் தங்கும். அந்த நாற்பது விநாடி அவள் உடம்புக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டது. பால் காய்ச்சினாலும் சரி, பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு கிடந்தாலும் சரி, அவளுக்கு நேரம் விரிப்புக் கணக்கில்தான் போகும். கைக்கடிகாரம் கட்டுவதில்லை. அந்தக் கூடத்து ஆவியில் எந்தக் கடிகாரமும் ஒரு மாதம் தாங்காது.

அவள் ஓட ஆரம்பித்தது புருஷனால். அவர் பஸ் டிரைவர். சலவைக்கூடத்து வாசலுக்கு அவர் பஸ் மாலை மணி நாலு ஐந்துக்கு வந்து நாலு ஆறுக்குக் கிளம்பிவிடும். வேலை முடிந்து, கை கால் கழுவி, உடை மாற்றி அவள் வாசலுக்கு வருவதற்கும் பஸ் நகர்வதற்கும் சரியாக இருக்கும். கண்ணாடியில் அவளைப் பார்ப்பார். பார்த்துக்கொண்டே கிளம்புவார்.

"நான் பின்னாடி ஓடி வரது தெரியலையா?" என்று ஒரு நாள் வீட்டில் சண்டை பிடித்தாள்.

"தெரிஞ்சுது. நாலு ஆறு ஆயிடுச்சு."

"அரை நிமிஷம் நின்னா குடியா முழுகிடும்?"

"பஸ்ல அறுபது பேர் இருக்காங்க. உனக்கு நின்னா நாளைக்கு ஆளாளுக்கு அரை நிமிஷம் கேப்பாங்க."

மனுஷர் தங்கமானவர்தான். முகம் சுளிக்காமல் பாத்திரம் கழுவுவார், துணி மடிப்பார். நேர விஷயத்தில் மட்டும் தலைகீழாக நின்றாலும் மசிய மாட்டார். அவளோ அவரைவிட வீம்புக்காரி. குறுக்குச் சந்து வழியாக ஓடிப்போய் அடுத்த நிறுத்தத்தில் அதே பஸ்ஸில் ஏறத் தொடங்கினாள். ஏறி, அவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் உட்காருவாள். இப்படி மூன்று வருடம் ஓடியதில் கால்கள் சொன்னபடி கேட்க ஆரம்பித்தன. அப்போதுதான் சுவரில் பத்து கிலோமீட்டர் ஓட்டப் பந்தய நோட்டீஸைப் பார்த்தாள்.

எழுபது நிமிடத்தில் எல்லைக்கோட்டில் கயிற்றைக் கட்டிவிடுவார்கள். அதற்குள் வந்தவர்களின் பெயரும் நேரமும் விளையாட்டரங்கத்து வாசல் பலகையில் ஒரு வருடம் இருக்கும். அந்தப் பலகையில் தன் பெயர் வரவேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்துவிட்டது. முதல் வருடம் ஏழாவது கிலோமீட்டரில் வெயில் தாங்காமல் வாந்தியெடுத்து உட்கார்ந்தாள். இரண்டாம் வருடம் நாலு நிமிடம் தாமதம். மூன்றாம் வருடம் கண்ணெதிரே கயிறு ஏறியது. ஒரே ஒரு விரிப்பு நேரத்தில் போச்சு. இந்த வருட நோட்டீஸின் அடியில், அடுத்த ஆண்டு முதல் அறுபது நிமிடம்தான் என்று போட்டிருந்தார்கள். அறுபதெல்லாம் அவளுக்கு ஆகாத காரியம். இந்தத் தடவை விட்டால் விட்டதுதான்.

சனிக்கிழமை மாலை, சட்டையில் குத்திக்கொள்ளும் எண் அட்டையை வாங்கி வந்தாள். துணியா காகிதமா என்று சொல்ல முடியாத வெள்ளைச் சதுரம். பையில் கசங்கி, குறுக்கும் நெடுக்கும் சுருக்கம். சுருக்கத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் முடியாது. ஈரத்துணி ஒன்றை மேலே போட்டு இஸ்திரி செய்தாள். பின்பக்கத்தில் ஒரு பஞ்சுப் பட்டை மட்டும் படியாமல் தூக்கிக்கொண்டு நின்றது. அதையும் விடவில்லை. நாலு அழுத்து அழுத்தித் தட்டையாக்கிவிட்டுத்தான் மூச்சு விட்டாள்.

"நாளைக்கு வேர்வையில நனையப் போறதுக்கு எதுக்கு இஸ்திரி?" என்றார் அவர்.

"சுருக்கத்தோட போனா, நான் சலவைக்கூடத்து ஆளுன்னு யார் நம்புவா?"

அவருக்கு ஞாயிற்றுக்கிழமையும் டியூட்டி. காலையில் அவளுக்கு முன்னாலேயே போய்விட்டார்.

ஆறு மணிக்குப் பந்தயம் தொடங்கியபோதே காற்றைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும் போலிருந்தது. மரத்தில் ஒரு இலை அசையவில்லை. விலையுயர்ந்த காலணிகளோடு சிட்டாய்ப் பறந்த இளவட்டங்கள் ஐந்தாவது கிலோமீட்டரில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நீராவிக்கு இந்தப் புழுக்கம் தினப்படி உத்தியோகம். அவள் யாரையும் பார்க்கவில்லை, விரிப்பு எண்ணிக்கொண்டே ஓடினாள். எழுபது நிமிடம் என்றால் நூற்று ஐந்து விரிப்பு.

எழுபத்து மூன்றாவது விரிப்பில் ஏழாவது கிலோமீட்டர் வந்தது. முதல் வருடம் உட்கார்ந்த அதே இடம். தண்ணீரைத் தலையில் கொட்டிக்கொண்டு, எண்ணிக்கையை விடாமல் தாண்டினாள். தொண்ணூறுக்கு மேல் நாக்குத் தள்ளியது. நூற்று இரண்டில் கடைசி முச்சந்தி. அங்கே, ஓட்டக்காரர்களுக்கு நடுவே போலீஸ்காரர் வண்டிகளை நிறுத்தி நிறுத்தி விடும் குறுக்குச் சாலையில் அவர் பஸ் நின்றுகொண்டிருந்தது. வேர்வை கண்ணை எரித்ததில் உள்ளே அவர் முகம் தெரியவில்லை. இன்னைக்காவது நின்னீங்களே, போலீஸ் புண்ணியத்துல என்று நினைத்துக்கொண்டு அதன் மூக்குக்கு முன்னாலேயே ஓடினாள்.

நூற்று நாலு முடியும்போது கோட்டைத் தாண்டிவிட்டாள். மூச்சு வாங்கித் திரும்பிப் பார்த்தபோது இரண்டு பேர் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான்.

அரை மணி கழித்துப் பட்டியலை ஒட்டினார்கள். மேலிருந்து கீழே மூன்று முறை பார்த்தாள். பிறகு கணினி வைத்திருந்த பெண்ணிடம் போனாள்.

"அம்மா, உங்க நம்பருக்கு 'ஓடவில்லை'ன்னு வருது."

"ஓடலையா? அப்ப இந்த வேர்வை யாரோடது?"

அந்தப் பெண் எண் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "பின்னாடி பட்டை இருக்குமே, அதுக்குள்ள இருக்கற சில்லுதான் நேரத்தைப் பதியும். இதை என்னம்மா பண்ணீங்க?"

"தேய்ச்சேன்."

"தேய்ச்சீங்களா?"

"மிதமான சூட்டுலதான்."

சிரிக்காமல் இருக்க அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கயிறு கட்டியவர்களைக் கூப்பிட்டுக் கேட்டாள். அத்தனை பேர் தொப்பலாக நனைந்து வந்ததில் யார் யார் என்று அவர்களுக்கு ஞாபகமில்லை. மிஷின் சொல்வதுதான் கணக்கு, மன்னிக்கணும் என்றார்கள். யாரைத் திட்டுவது? பதினெட்டு வருடத்தில் ஒரு விரிப்பைக் கருக்காத கை, கருக்கக் கூடாத ஒன்றைக் கருக்கிவிட்டது. வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

மாலை ஐந்து மணிக்கு அவர் வந்தார். அவள் முகம் தொங்கிக் கிடப்பதைப் பார்த்து என்ன என்று கேட்டார். ஒன்று விடாமல் சொன்னாள். ஆறுதல் சொல்ல அவருக்கு வராது. சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். அன்றைய டியூட்டிச் சீட்டின் நகல்.

"டிப்போவுல விளக்கம் கேட்டிருக்காங்க. இருபத்திரண்டு வருஷத்துல முதல் தடவை," என்றார்.

அவள் பிரித்துப் படித்தாள். அவருடைய மணிமணியான கையெழுத்து. 'கடைசி முச்சந்தி. 7.05: செல்ல அனுமதி. 7.08: புறப்பாடு. தாமதம்: 3 நிமிடம். காரணம்: என் மனைவி ஓடி வந்து கடக்கும்வரை நிறுத்தம்.' கீழே டிப்போ முத்திரை.

"போலீஸ்காரர் போகச் சொல்லிட்டாரா?"

"சொன்னார். தூரத்துல நீ வரது தெரிஞ்சுது. நான் குறுக்க போனா நீ நிக்கணும்."

"அறுபது பேர்?"

"திட்டினாங்க."

7.08. சரியாக நூற்று இரண்டாவது விரிப்பு. அவள் பேரில்லை, ஆனால் அவள்தான். முத்திரையோடு இருந்தது. அந்த வரியை மறுபடி மறுபடி படித்தாள். தாள் அவர் பையில் வேர்வை குடித்து ஒரே சுருக்கமாக இருந்தது. அவளை அறியாமலே கை அலமாரிப் பக்கம் போனது.

"அதை மட்டும் தேய்ச்சுடாத," என்றார் அவர்.