கதிரைக்குப் பின்னால் நின்ற ட்ரொலி

ட்ரம்பெட் ஊதினால் நிற்கிற இடத்திலேயே நின்றுவிட வேண்டும், அசையக் கூடாது. எங்கள் சூப்பர்வைசர் ஜோர்ஜ் அன்று போட்ட கட்டளை இதுதான். ஏன் என்று அவர் சொல்லவில்லை. கேட்கிற நிலையில் நானும் இல்லை.

1984 மார்ச். அகதியாக வந்து சேர்ந்த நாட்டில், அஜின்கோர்ட் என்ற இடத்தில் ஒரு விருந்து ஹோலில் தட்டு எடுக்கும் வேலை. அந்தக் கிழமையோடு என் ப்ரொபேஷன் முடிகிறது. வேலை நிரந்தரமானால்தான், முந்தின வருடக் கலவரத்தில் வீடிழந்து கொழும்பில் உறவினர் வீட்டில் ஒடுங்கிக் கிடந்த மனைவியையும் மகளையும் ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிடலாம். ஜோர்ஜ் குனி என்றால் குனிவேன்.

அன்றைய விருந்து வேல்ஸ்காரருடையது. இங்கிலாந்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன நாடு வேல்ஸ். சிலர் கோட்டில் மஞ்சள் பூக் குத்தியிருந்தார்கள், சிலர் வெங்காயத்தாள் மாதிரி ஒரு மரக்கறியை. சமைக்கிற சாமானை ஏன் கோட்டில் குத்துகிறார்கள் என்று விளங்கவில்லை. மேசைகளில் ஒரே பேச்சு, ஊரில் தங்கள் மொழிக்கென்று தனி டெலிவிஷன் தொடங்கியது பற்றித்தான். அதற்காக ஒரு தலைவர் சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பேன் என்றாராம், அரசாங்கம் இறங்கி வந்ததாம். இப்படி இறங்கி வருகிற அரசாங்கமும் உண்டா? என் குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது.

மேடையில் செதுக்கு வேலை செய்த பெரிய கதிரை ஒன்று அமர ஆளில்லாமல் வெறுமையாக இருந்தது.

"மாப்பிள்ளைக் கதிரை போல கிடக்கு. பொம்பிளை எங்க?" என்று கேட்டேன்.

"உது கலியாணம் இல்லையடா. நீளச் சட்டையோட, வாளோட நிக்கினம். ஏதோ வழக்கு விசாரிக்கப் போகினம்," என்றான் கூட வேலை செய்த யோகன். அவனுக்கும் என்னளவுதான் தெரியும்.

ட்ரம்பெட் ஊதியது. எச்சில் தட்டுகள் நிறைந்த ட்ரொலியோடு அசையாமல் நின்றேன். லைட்டுகள் அணைந்தன. மேடையில் ஒருவர் ஏதோ ஒரு பெயரைச் சொல்லி, அவர் எழுந்து நிற்கட்டும் என்றார். ஒருவரும் எழும்பவில்லை. தேடிவந்த வெளிச்சம், ஹோலில் நின்றுகொண்டிருந்த ஒரே ஆளின் மேல் விழுந்தது. அது நான்.

கைதட்டினார்கள். நீளச் சட்டைக்காரர் இருவர் என்னை நோக்கி வந்தார்கள். என் கைகள் தாமாகவே தலைக்கு மேலே போய்விட்டன. ஊரில் ஆமிக்காரர் வழிமறித்துச் செக் பண்ணிப் பழகிய கைகள். சிலர் சிரித்தார்கள், பிறகு சிரிப்பு நின்றது. வேலை போச்சு என்றே நினைத்தேன்.

"கையை இறக்கு மகனே. உன் வண்டியைக் கொஞ்சம் எடு, நான் எழும்ப வேணும்." இங்கிலிஷில் சொன்னவர், எனக்கு முன்னால் இருந்த வயதான அம்மா. என் ட்ரொலி தடுத்ததால் அவரால் கதிரையைப் பின்னுக்குத் தள்ள முடியவில்லை.

ட்ரொலியை இழுத்தேன். அவரை மேடைக்குக் கூட்டிப்போனார்கள். வாளைப் பாதி உருவி ஏதோ கேட்டார்கள். சபை ஒரு சொல்லைக் கத்தியது. மூன்று தரம் அப்படி. மூன்றாம் தரம் யோகனும் நானும் சேர்ந்து கத்தினோம். வாள் உறைக்குள் போனது, அம்மா கதிரையில் அமர்ந்தார்.

பிறகு அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அது கவிதைப் போட்டி என்றும், புனைபெயரில் எழுதி வென்றவர் யாரென்று அவர் எழும்பும்வரை சபைக்குத் தெரியாது என்றும் சொன்னார்.

"அந்த வாள்?"

"சமாதானமா என்று கேட்பார்கள். சபை சமாதானம் என்று சொன்னால்தான் கவிஞர் அமரலாம்."

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. வீட்டைவிட்டு எங்களைத் துரத்தியபோது ஒருவரும் எதையும் கேட்கவில்லை.

ஜோர்ஜ் குசினி வாசலில் நின்றார். "நிற்கச் சொன்னது நான்தானே. திங்கட்கிழமை வேலைக்கு வா," என்றார்.

பின்னாளில் நானும் சூப்பர்வைசர் ஆனேன். புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: நில் என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள், நிற்குமுன் யாருடைய கதிரைக்குப் பின்னால் நிற்கிறீர்கள் என்றும் பாருங்கள்.

அடுத்த வருடம் மனைவியும் மகளும் வந்தார்கள். விமான நிலையத்தில் யூனிஃபோர்ம்காரர் ஒருவர் எங்களைக் கடந்து போனார். மகளின் இரண்டு கைகளும் மேலே போயின.

"கையை இறக்கு பிள்ளை," என்றேன்.