அம்மாவின் சக்களத்திகள்

அப்பாவின் சட்டையைத் துவைக்கப் போடுமுன் அம்மா அதை முகத்துக்கு நேரே பிடித்து ஒரு முறை மோந்து பார்ப்பாள். அரிசியில் கல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல அத்தனை சாதாரணமாக அது நடக்கும். அந்தப் பழுப்புச் சட்டையும், கைப்பக்கத்து எண்ணெய்க் கறையும், அதற்கு மேலே சுருங்கி விரியும் அம்மாவின் மூக்கும்தான் என் சின்ன வயசு என்றால் முதலில் கண்ணுக்கு வருகிறது.

அம்மா ஹனூர்க்காரி. கல்யாணமாகி மைசூருக்கு வந்து, தேவராஜ மொஹல்லாவில் ஒண்டிக்குடித்தனம் போட்டார்கள். அப்பாவுக்கு ஊதுபத்திக் கம்பெனியில் வேலை. பக்கத்து வீட்டுப் பெண்களும் அதே கம்பெனிக்குத்தான் வீட்டிலிருந்து பத்தி உருட்டிக் கொடுத்தார்கள். அவர்கள் கை முழுக்கக் கரி, வாசம் என்று பேருக்குக்கூடக் கிடையாது. அப்பா மட்டும் ஒரு வாரம் மல்லிகையாக, மறுவாரம் ரோஜாவாக, அதற்கடுத்த வாரம் தாழம்பூவாக வந்து நின்றால் புதுப் பெண்டாட்டி என்னதான் நினைப்பாள்? உருட்டி வந்த பத்தியை வாசனைத் தைலத்தில் முக்கி எடுப்பது கம்பெனிக்குள் நடக்கும் தனி வேலை, வாரத்துக்கு ஒரு வாசனை, அந்த வேலைதான் அப்பாவுடையது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. அப்பாவும் வாயைத் திறந்து விளக்கும் ஜாதி இல்லை. கேட்டால் கம்பெனி வாசம் என்பார், துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விடுவார். மூன்று சக்களத்திகள் என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். அதில் தாழம்பூக்காரிமேல்தான் அவளுக்குத் தீராத ஆத்திரம், ஏனென்றால் அந்த வாசம் குளித்த பிறகும் போகாது.

ஒரு தாழம்பூ வாரத்தில், கைக்குழந்தையான என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு கம்பெனி வாசலுக்கே போய்விட்டாள். பாதி கன்னடமும் பாதி தமிழுமாகத் தாழம்பூ வைத்துக்கொண்டு வருகிறவளைக் கூப்பிடு என்று வாட்ச்மேனை ஒரு பிடி பிடித்திருக்கிறாள். அந்த அப்பாவி பேக்கிங் பெண்களையெல்லாம் வெளியே கூப்பிட, அம்மா ஒவ்வொருத்தி பக்கத்திலும் போய் மோந்து பார்த்தாளாம். அப்போது பின்கதவைத் திறந்துகொண்டு நாலு ஆம்பளைகள் டீ குடிக்க வந்தார்கள். முழங்கை வரை தைலம், நாலு பேரும் தாழம்பூ. அதில் ஒருவர் அப்பா. இன்னொருவருக்கு ஐயனார் மீசை. இதையெல்லாம் பின்னாளில் அப்பா சொல்லிக் கேட்டால் சிரித்துச் சிரித்து நமக்கு வயிறு வலிக்கும். அம்மாவைக் கேட்டால், வீட்டுச் சாவி வாங்கத்தான் போனேன் என்று இன்றைக்கும் சாதிப்பாள். அதற்குப் பிறகு அப்பா வேலை முடிந்து வரும்போது, அவள் மூக்கைத் தூக்குமுன் வாசலிலேயே இன்றைக்கு ரோஜா, இன்றைக்கு மல்லிகை என்று சத்தமாக ஒப்பித்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார். ஒரு சின்னப் பொய்கூட அவளிடம் சொல்லி நான் பார்த்ததில்லை. சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள் என்று பயந்த மாதிரி நடிப்பார்.

இப்போது அவருக்கு ஞாபகம் கழன்றுகொண்டிருக்கிறது. நான் இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன், என்னை எப்படியோ தெரிகிறது. அம்மாவைத்தான் தெரியவில்லை. முதலில் வந்தது மரியாதை. ஆயுசு முழுக்க "ஏ புள்ள" என்று கூப்பிட்டவர் திடீரென்று "உக்காருங்க அம்மணி" என்றார். கடைசிக் காலத்தில் புத்தி வந்துவிட்டது உங்கப்பனுக்கு என்று அம்மா போனில் சிரித்தாள், நானும் சிரித்தேன். பிறகு ஒரு மத்தியானம், களியைப் பிசைந்து கொண்டுபோனவளிடம் குரலைத் தாழ்த்திச் சொல்லியிருக்கிறார்.

"நீங்க கெளம்புங்க அம்மணி. என்ற சமுசாரம் வர்ற நேரம். அவ பாத்தா என்னைய உண்டில்லைன்னு ஆக்கிப்போடுவா."

வேற்றுப் பெண் கையால் சாப்பிட மாட்டேன் என்று அன்றைக்கு முழுக்கப் பட்டினி கிடந்தார். நான்தான் உங்க சமுசாரம் என்று அம்மா சொல்லிப் பார்த்தாள், போட்டோவைக் காட்டினாள், அழுதாள். அவர் மிரண்டுபோய்ச் சுவரோரம் ஒண்டிக்கொண்டார். மறுத்துப் பேசாதீர்கள் என்றார் டாக்டர். ஆள் துரும்பாக இளைத்துக்கொண்டே போக, அம்மாவே ஒரு வழி கண்டுபிடித்தாள். போய்ட்டு வர்றேனுங்க என்று சொல்லிக்கொண்டு பின்பக்கமாக வெளியேறுவாள். குழாயில் முகம் கழுவி, தலையில் பூ வைத்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக வருவாள். வாசலிலிருந்தே அதட்டலாக ஒரு குரல். உடனே அப்பா முகம் மலர்ந்து, வந்துட்டியா புள்ள என்பார், தட்டைக் காலி செய்வார். கொஞ்ச நேரம்தான். மறுபடியும் அவர் கண்ணுக்கு அந்த அம்மணி வந்துவிடுவாள். தினமும் இதுதான். அந்த வீட்டுக்குள் காலை வைக்கவே எனக்கு இப்போது பயமாக இருக்கிறது, இல்லாத யாரோ ஒருத்தி உள்ளே புழங்குவது மாதிரி. அம்மாகூட, அந்த அம்மணி உட்காரும் நாற்காலியில் முன்வாசல் வழியாக வந்த பிறகு உட்காருவதில்லை.

போன வாரம் நான் இருக்கும்போதே இது நடந்தது. அம்மா போனாள், சுற்றிக்கொண்டு வந்தாள், ஊட்டினாள். நாலு வாய் உள்ளே போனதும், என்ன தோன்றியதோ, பழைய குரலில் கேட்டாள்.

"நானில்லாதப்ப ஆராச்சும் வந்தாங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். சொல்லிவிடாதே என்று அந்தக் கண்கள் கெஞ்சின. பிறகு அவள் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு, "ஆரும் வல்லியே புள்ள" என்றார்.

அம்மா மிச்சத்தையும் ஊட்டி முடித்து, அவர் வாயைத் துடைத்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். தட்டைத் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நின்றாள்.

"எங்கிட்டப் பொய் சொல்றாரு கண்ணு. அவளுக்காக."

அதற்குள் கூடத்திலிருந்து அப்பா மெதுவாக என்னைக் கூப்பிட்டார். போனேன். சமையலறைப் பக்கம் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, அந்த அம்மணி பாவம், தினமும் எனக்குச் சோறு கொண்டுவருகிறாள், அவள் சாப்பிட்டாளா என்று ஒரு நாளும் கேட்க முடியவில்லை, நீ கேட்டுச் சொல் என்றார்.

உள்ளே குழாய்ச் சத்தம் நின்றது. அம்மாவுக்குக் கேட்டிருக்கும். நான் கேட்கிறேன் அப்பா என்று சொன்னேன்.