மேளம் நின்ற வீடுகள்

மலைக்கோயில் அடிவாரத்துப் பொய்கைக் கரையில் ஒரு யாத்ரிகருக்குப் பாதித் தலை மழித்திருந்தபோது செய்தி வந்தது. ஸ்டேஷன் போர்ட்டர் ரங்கன் ஓடிவந்தான்.

"தாத்தா, எம்மெல்லே ஐயா பூட்டாரு. பட்டணத்து ஆஸ்பத்திரியில வெச்சிருந்தாங்களாம். மத்தியான வண்டியில எடுத்தாந்துகினு இருக்காங்க."

என் கை நின்றுவிட்டது. ரேணிகுண்டா பக்கத்திலிருந்து வந்த அந்த யாத்ரிகர், மீதித் தலையைத் தடவிக்கொண்டே, "ஏமய்யிந்தி தாத்தா?" என்று தெலுங்கில் என்ன ஆயிற்றெனக் கேட்டார். அவரை அப்படியே விட்டுவிட்டு எழுந்திருக்க முடியாது. வேண்டுதல் முடியைப் பாதியில் நிறுத்தக் கூடாது. அழுதுகொண்டே மீதியை மழித்தேன். ஒரு கீறலும் விழவில்லை.

காலமான திரு. எத்திராஜுலு அவர்கள் நம் தொகுதியின் சட்டசபை உறுப்பினர். அவரைப் பற்றி எழுத ஊரில் படித்தவர்கள் பலர் இருக்கிறார்கள். வாசகசாலைக்காரர்கள் என்னையும் எழுதச் சொன்னார்கள். என் பெயர் பெருமாள். பொய்கைக் கரையில் முடி எடுப்பவன். கல்யாணங்களில் நாகஸ்வரமும் வாசித்தவன். போன வருஷம் முன்பல் போனதோடு அது நின்றது. எழுத்துக் கற்றுக்கொண்டது இந்த வயதில்தான். ஒரு வரி எழுத வெகுநேரம் ஆகிறது. ஆனால் எழுதியதைத் திரும்பப் படித்தால், நான் நினைத்ததையே அது சொல்கிறது! துக்கத்தைப் பற்றி எழுதும் இடத்தில் இதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை. எனக்கு அடக்க முடியாத சந்தோஷமாக இருக்கிறது. அதைக் கொடுத்தவர்தான் இல்லை.

அவர் பிறந்தது மணவூரில். தகப்பனார் இங்கே வந்து நெல் மண்டி வைத்தார். மண்டியில் உட்காரவேண்டிய பிள்ளை கதர் கட்டிக்கொண்டு மேடை ஏறினார், சிறைக்கும் போனார். விடுதலையாகி வந்த அன்று அவருக்கு நான்தான் முகம் மழித்தேன்.

"ஜெயில் தாடி ரொம்ப முரடுங்க ஐயா" என்றேன்.

"ஜெயில் சோத்தைப் பாக்கல நீ" என்றார்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் தேர்தல் வந்தது. அவர் நின்றார். நாளைக்கு இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: அந்தத் தேர்தலில் எல்லாருக்கும் ஓட்டுக் கிடையாது. வரி கட்டுகிறவர்களுக்கு உண்டு. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு உண்டு. கூலிக்காரர்களுக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் இல்லை.

ஐயா ஓட்டுக் கேட்டுப் போனபோது முன்னால் மேளம் வாசித்துப் போனது நானும் என் தம்பியும்தான். மண்டிக் கணக்குப்பிள்ளை ஓட்டர் பட்டியலோடு எங்களுக்கும் முன்னால் நடப்பார். முதல் நாளே எனக்கு வழி சொல்லிவிட்டார்.

"பெருமாளு, ஓட்டு இல்லாத வூட்டாண்ட எதுக்கு ஊதற? மூச்ச மிச்சம் பண்ணு."

அவர் கையைத் தூக்கினால் நிறுத்துவோம், இறக்கினால் வாசிப்போம். எங்கள் தெரு முழுவதும் அவர் தூக்கிய கையை இறக்கவில்லை. என் வீட்டு வாசலில் என் மனைவி பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் வாத்தியத்தைத் தோளில் சாய்த்தபடி அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனேன்.

ஆர்.கே.பேட்டை ரோட்டில் ஒரு கிராமத்துக்குப் போனோம். முனியம்மா என்ற கூலிக்காரப் பெண் முறத்தோடு குறுக்கே வந்து நின்றாள்.

"யாரு வூட்ல எழவு?" என்று கேட்டாள்.

"இன்னாம்மா, நல்ல நாளும் அதுவுமா?" என்றார் கணக்குப்பிள்ளை.

"மேளம் வந்துகினே இருந்துச்சு. எங்க வூட்டாண்ட வந்ததும் நின்னுச்சு. பொணம் கெடக்கற வூட்டத் தாண்டறப்பதானே மேளத்த நிறுத்துவாங்க? எங்க வூட்ல யாரும் சாவல. நான் குத்துக்கல்லாட்டம் நிக்கறேன். எம்புள்ள உள்ள கூழு குடிச்சுகினு இருக்கான்."

"உங்களுக்கு ஓட்டு இல்லம்மா. அதான்."

"ஓட்டு இல்லன்னா செத்துட்டமா?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஐயா சிரிக்கவில்லை. கும்பிட எடுத்த கை பாதியில் நின்றது. அவர் திரும்பி, நாங்கள் வந்த தெருவைப் பார்த்தார். நாங்கள் சும்மா தாண்டிய வாசல்களில் எல்லாம் ஆட்கள் நின்றிருந்தார்கள். அவர் முகம் அப்படிச் சுருங்கி நான் பார்த்ததில்லை. அந்த முகத்தின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் எனக்குத் தெரியும்.

"பெருமாளு, ஊது" என்றார்.

"வேணா சாமி" என்றாள் முனியம்மா. "கேட்டு வாங்கற மேளம் எனுக்கு எதுக்கு?" உள்ளே போய்த் தட்டியைச் சாத்திக்கொண்டாள்.

இதை வீட்டுக்கு வந்து ஒரு வேடிக்கை போல என் மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "நம்ம வூட்டாண்டயும்தான் நின்னுச்சு" என்றாள்.

மறுநாள் காலையில் வழக்கம்போலக் கத்திப் பெட்டியோடு ஐயா வீட்டுக்குப் போனேன்.

"இன்னிக்கு வேணாம்" என்றார். "இனிமேயும் வேணாம். மலைக்கு வேண்டிக்கினு இருக்கேன். முனியம்மா ஓட்டு போடற அன்னிக்குப் பொய்கைக் கரையில நீங்களே எடுங்க, பெரியவரே."

அதுவரை என்னை 'நீ' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். எனக்குக் கூச்சமாக இருந்தது.

"அவளுக்கு ஏதுங்க ஓட்டு?"

"அதான் வேண்டிக்கினேன்."

அவர் ஜெயித்தார். முடியும் தாடியும் வளர்ந்தன. யாருக்காக என்று முனியம்மா வரை ஊருக்கே தெரியும். சென்னையில் அவருக்குச் சாமியார் மெம்பர் என்று பெயராம். "என் பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்களே ஐயா" என்று நான் சொல்வேன். "சேத்து வெச்சுத் தரேன்" என்பார். ரோடு வரவில்லை, மலையடிக்குக் குழாய் வரவில்லை என்று ஊரில் குறை சொன்னார்கள். அந்தக் குறையில் நியாயம் உண்டு. அவர் மனம் ஒரே இடத்தில் சிக்கிக்கொண்டுவிட்டது.

சட்டசபையில் முதல் தடவை பேச எழுந்தபோது முனியம்மா கேட்டதையே சொன்னாராம். திரும்பி வந்து பொய்கைக் கரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சிரிச்சாங்க, பெரியவரே. நல்ல கதைன்னு கையப் புடிச்சுக் குலுக்கினாங்க. வெக்கமா பூட்டுது. அவ கேட்ட மாதிரி எனக்குக் கேக்கத் தெரியல."

நாட்டுக்குச் சட்டம் எழுத டெல்லிக்கு ஆள் அனுப்பியபோது, அவர்களுக்கு ஓட்டுப் போட்ட மெம்பர்களில் இவரும் ஒருவர். போய் வந்தவர்கள் யாரைப் பார்த்தாலும், "எல்லாருக்கும் உண்டுதானே?" என்று கேட்பாராம். இவர் வருவதைக் கண்டதும், "உண்டு, உண்டு" என்று தூரத்திலேயே சொல்லிக்கொண்டு போனவர்களும் உண்டாம். இதையும் அவரேதான் சொல்லிச் சிரித்தார்.

என்னைப் படிக்க அனுப்பியதும் அப்போதுதான். "சட்டம் எப்ப மாறுமோ. எழுதப் படிக்கத் தெரிஞ்சா உங்களுக்கு அதுக்கு முன்னாடியே ஓட்டு. போய் உக்காருங்க" என்றார். சர்ச்சுப் பள்ளிக்கூடத்தின் சாயங்கால வகுப்பில் போய் உட்கார்ந்தேன். கத்தி பிடித்த கைக்குப் பலப்பம் வழுக்கியது. ஒரு நாள் ஸ்டேஷனுக்குப் போனபோது பலகையில் திருத்தணி என்று எழுதியிருந்தது. எத்தனையோ வருஷம் அந்தப் பலகையின் கீழே நின்று ரயிலைப் பார்த்தவன் நான். அது என் ஊரின் பெயர் என்று அன்றுதான் அது எனக்குச் சொன்னது. ரங்கனைக் கூப்பிட்டு உரக்கப் படித்துக் காட்டினேன்.

இந்த வருஷம் டெல்லியில் முடிவாகிவிட்டது. இருபத்தொரு வயது ஆன எல்லாருக்கும் ஓட்டு. ஐயா முடி பறக்க, செருப்புக்கூட இல்லாமல் பொய்கைக் கரைக்கு வந்தார்.

"அப்ப நான் படிச்சது வீணுங்களா ஐயா?" என்று கேலியாகக் கேட்டேன்.

"வீணுன்னா மறந்துடுங்க, பாப்போம்."

உண்மையாகவே முயன்று பார்த்தேன். எதிர்க் கடைப் பலகையைப் படிக்காமல் பார்க்க என்னால் முடியவில்லை. இருவரும் சிரித்தோம்.

"தலையைக் குடுங்க, இப்பவே எடுத்துடறேன்" என்றேன்.

"சட்டம்தான் வந்திருக்கு. முனியம்மா இன்னும் போடலியே" என்று எழுந்து போனார். அதுதான் அவர் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு.

செய்தி வந்த அன்று மத்தியானம் அவரை வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அவருடைய தம்பி என்னை அழைத்தார்.

"மொகத்த சுத்தமா வழிச்சுடு பெருமாளு. எம்மெல்லேவா போகட்டும். சாமியாராட்டம் அனுப்ப முடியாது."

கத்திப் பெட்டியைத் திறந்தேன். கை கத்திக்குப் போகவில்லை.

"இது மலைக்குச் சொன்ன முடிங்க. இங்க எடுக்கக் கூடாதுங்க."

"செத்தவனுக்கு ஏதுய்யா மலை? சொன்ன வேலையச் செய்."

வாசலுக்கு வெளியே முனியம்மா நின்றுகொண்டிருந்தாள். யாரும் அவளை உள்ளே வரச் சொல்லவில்லை. அவளாகவே வந்தாள். ஐயாவின் முகத்தைக் குனிந்து பார்த்தாள்.

"தாடியத் தொடாதீங்க. அது என்னுது" என்றாள்.

தம்பியின் குரல் இறங்கிவிட்டது. "அப்ப வேண்டுதல யாரும்மா முடிக்கறது? தெய்வக் குத்தம் எங்க குடும்பத்து மேல இல்ல விழும்?"

"நான் ஏத்துக்கறேங்க" என்றேன். முன்யோசனை எதுவும் இல்லை. வாய் சொல்லிவிட்டது.

பெட்டியை மூடினேன். அவர் முகத்தை நனைத்துத் துடைத்தேன். முடியைச் சிக்கெடுத்துச் சீவி, தாடியை நெஞ்சின் மேல் ஒழுங்காக வைத்தேன். ஊர்வலம் எங்கள் தெரு வழியாகத்தான் போனது. பறை ஒரு வாசலிலும் நிற்கவில்லை.

இப்போது நான் தாடி வளர்க்கிறேன். நாவிதன் முகத்தில் தாடியைப் பார்த்தால் யாத்ரிகர்களுக்குச் சிரிப்பு. "உனுக்குக் கத்தி புடிக்க ஆளு கெடைக்கலியா தாத்தா?" என்கிறார்கள். அந்தச் சிரிப்பில் எனக்கு வெட்கம் இல்லை. என் வெட்கம் வேறு. சொந்த வாசலில் மேளம் நின்றபோது எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லையே, அது. நெல் மண்டிக்காரருக்கு, ஓட்டு உள்ளவருக்கு உறைத்தது. முடி வளர்க்கும் அளவுக்கு உறைத்தது. எனக்கு, என் வீட்டுக்கு, உறைக்கவில்லை. எழுத்துத் தெரிந்த பிறகு அந்த நாளை நினைத்தால் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஐயா, ஓட்டுப் போடும் நாள் வரும். அன்று என் தம்பி மகன் நாகஸ்வரம் வாசிப்பான். முனியம்மா வீட்டில் தொடங்கி, எங்கள் தெரு வழியாக, எந்த வாசலிலும் நிறுத்தாமல் வாசித்துவரச் சொல்லியிருக்கிறேன். முனியம்மாவிடமும் கேட்டேன். "பாக்கலாம்" என்றாள். அவள் போட்டுவிட்டு வரட்டும். அதன் பிறகு நான் பொய்கைக் கரையில், எப்போதும் யாத்ரிகர்கள் உட்காரும் இடத்தில் உட்காருவேன். கத்தியை வேறொருவர் பிடிக்கட்டும். நான் குனிந்து கொடுப்பது உங்கள் தலை. போய் வாருங்கள்.