சுவருக்குள் வைத்த யூனியன்

1958 மார்ச் 12, புதன்கிழமை. ஐந்துக்கு எழுந்தேன். ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. அண்டாவும் இரண்டு வாளிகளும் நிறைந்தன. காபி. நாளிதழ். குழாய் ரிப்பேர் என்று காரணம் காட்டி ஆபீசுக்கு முந்தின நாளே விடுப்பு எழுதியிருந்தேன்.

தண்ணீர் வரும்போதெல்லாம் குளியலறைச் சுவருக்குள் ஒரு சத்தம் கேட்கும். யாரோ வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு துப்பாமல் நிற்பதுபோல. எட்டரைக்குத் தண்ணீர் நின்றதும் அதுவும் நிற்கும். என் மனைவி இருந்தவரை எனக்கு அது கேட்டதில்லை. அவளுக்குக் கேட்டது.

"யாரும் குளிக்காதப்பவே தரை ஈரமா இருக்கு. சுவத்துக்குள்ள என்னமோ இருக்கு" என்று இரண்டு முறை சொன்னாள்.

"நீதான் சிந்தியிருப்பே" என்றேன். டைரியிலும் அப்படியே எழுதினேன்: தரை ஈரம், கவனக்குறைவு.

போன அக்டோபரில் அந்தத் தரையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள், திரும்பி வரவில்லை. காரியம் முடிந்த மறுநாள் காலையிலிருந்து சத்தம் எனக்குக் கேட்கத் தொடங்கியது.

வீடு கட்டியபோது இரும்புக் குழாய் வெளியே தெரிவது எனக்குப் பிடிக்கவில்லை. சுவரை வெட்டிப் புதைக்கச் சொன்னேன். பின்னால் கழற்றச் சுலபமாக இருக்கட்டும் என்று நடுவில் யூனியன் என்கிற கழற்றும் இணைப்பு ஒன்றும் போடச் சொன்னேன். சாக்கெட், எல்போ போன்ற சாதாரண இணைப்புகள் மரையோடு மரை இறுகுபவை. சணலைச் சுற்றி முறுக்கினால் சுவருக்குள் பல வருடம் கிடக்கும். யூனியன் அப்படியில்லை. இரண்டு குழாய் முனைகளை ஒரு நட்டு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கும். நட்டு இளகினால் கை எட்டி இறுக்க வேண்டும், சுவருக்குள் இருந்தால் முடியாது. அன்றைய குழாய்க்காரர் இதைச் சொல்லித் தடுத்தார். நான் கேட்கவில்லை.

ஏழு மணிக்குப் பக்கத்து ஜோகுபாளையத்திலிருந்து வேறொரு குழாய்க்காரர் வந்தார். என் பதினேழு வயது மகள் குளியலறை வாசலில் வந்து நின்றாள்.

"ஸ்வல்ப தள்ளி நில்லும்மா, கண்ணுல தெறிக்கும்" என்று உளியை வைத்தார்.

காரை உதிர்ந்தது. உள்ளே செங்கல் கறுத்து ஊறியிருந்தது. நட்டின் அடியில் தண்ணீர் திரண்டு, விழுந்து, மறுபடி திரண்டது. சத்தம் இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"உயிரோட பொதச்சிக்கிறாங்க ஸார். மூச்சு விடாம இன்னா பண்ணும்?" என்று சிரித்தார். "யாரு இத்த உள்ள வெக்கச் சொன்னது?"

"வீடு கட்டின மேஸ்திரி" என்றேன்.

"அந்தாளுக்கு புத்தி இல்ல ஸார்."

மகள் உள்ளே போய்விட்டாள்.

அவர் வாசல் வால்வை மூடி, யூனியனைக் கழற்றிவிட்டு, நீள மரை வெட்டிய குழாய்த் துண்டும் சாக்கெட்டும் வைத்து முறுக்கினார். வால்வைத் திறந்தபோது சுவரில் சத்தமில்லை. சத்தமில்லாத அந்தக் குளியலறையில் என்னால் நிற்க முடியவில்லை.

சாயங்காலம் டைரியில் 'மேஸ்திரியின் பிழை' என்று எழுதினேன். அதற்கு மேல் எழுத வரவில்லை.

மறுநாள் ஐந்து மணிக்கு முதல் வேலையாக மகளை எழுப்பினேன். அந்த யூனியனை அங்கே வைக்கச் சொன்னது நான்தான் என்றேன்.

"தெரியும்பா" என்றாள். "வீடு கட்டறப்ப அந்தக் குழாய்க்காரரோட நீங்க சண்டை போட்டப்ப நானும் அம்மாவும் பின்னாடியே நின்னுட்டு இருந்தோம்."