பாதி தூரத்தில் நின்றவர்கள்

நாற்பதைத் தாண்டியவன் தன் தோளை முகர்ந்து பார்க்கக் கூடாது. தைலமும் வியர்வையும் கலந்த அந்த நாற்றம் எனக்கே குமட்டும். ஹொல்ம்லியாவில் ரயில் ஏறினால் என் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். ஒஸ்லோவில் யார் பக்கத்திலும் யாரும் உட்காருவதில்லை என்று மனதைத் தேற்றிக்கொள்வேன்.

நான் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுகிறவன். எங்கள் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தி அலுத்துவிட்டது. கலியாண வீட்டில் யாராவது பெரியவர், "தம்பி, இந்தமுறை எத்தினை கோல் அடிச்சனீர்?" என்பார். இது கையால் ஆடுவது என்று சொன்னால் என்னைப் பாவமாகப் பார்ப்பார். அணியில் பந்தை எறிபவன் நான். யார் எங்கே ஓடவேண்டும் என்று சொல்லிவிட்டு, ஓடுகிறவனின் கைக்குள் விழும்படி எறியவேண்டும். பாதி மைதானம் தாண்டி எறிவேன் என்பதற்காகத்தான் என்னை வைத்திருந்தார்கள்.

பிறகு கை காதுக்கு மேலே எழும்ப மறுத்தது. என்னைவிட இளைய பயிற்சியாளர், இனி இடுப்பைத் திருப்பிப் பக்கவாட்டாக, கிட்ட நிற்பவனுக்கு எறி என்றார். பழகாவிட்டால் என் இடத்தில் வேறொருவர் நிற்பார் என்பதையும் அதே இனிய குரலில் சொன்னார்.

குளிர்காலம் முழுவதும் பழகினேன். சீ, அதுவும் ஒரு எறியா! குப்பைப் பையைத் தொட்டிக்குள் வீசுவது போல. ஒவ்வொரு எறிக்கும் அணிக்காரர்கள் "ஃபின்ட், ஃபின்ட்", நல்லது நல்லது, என்றார்கள். பந்து நிலத்தில் விழுந்தாலும் அவர்களுக்கு நன்றுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வீட்டில் மனைவி உப்பு வறுத்து ஒத்தடம் கொடுத்தாள்.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கென்ன விசரோ? ஒரு சட்டியைத் தூக்கேலாது. உதுக்குள்ளை விளையாட்டு."

"ஒருக்கா எண்டாலும் பழையபடி எறிய வேணும்."

"எறிஞ்சு?"

உப்புப் பொட்டலத்தை வாங்கி நானே தோளில் அழுத்திக்கொண்டேன்.

வெட்கக்கேடு என்னவென்றால், அந்தக் குப்பை எறியால் நாங்கள் வென்றுகொண்டே போனோம். கடைசி ஆட்டத்தில் மட்டும் பின்தங்கியிருந்தோம், ஆட்டம் முடிய அதிக நேரமும் இல்லை. எல்லோரையும் கூட்டி, தூரத்துக்கு ஓடுங்கள் என்றேன். தலையாட்டினார்கள். பந்து கைக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கையைக் காதுக்கு மேலே கொண்டுபோனேன்.

தூரத்தில் புல்வெளிதான் இருந்தது. எங்கள் ஆள் ஒருவன்கூட இல்லை. எல்லோரையும்விட வேகமாக ஓடுகிறவன் பாதியில் நின்று, என் பக்கம் திரும்பிக் கைகளை விரித்துக் காத்திருந்தான். கையை இறக்கிப் பக்கவாட்டாக எறிந்தேன். பிடித்தான், ஓடினான், வென்றோம்.

உடை மாற்றும் அறையில் அவனிடம் கேட்டேன்.

"தூரம் ஓடச் சொன்னேனே?"

"நீ தூரம் என்றால் நாங்கள் பாதியில் நின்றுவிடுவோம்," என்றான் அன்பாக. "போன வருடத்திலிருந்தே அப்படித்தான்."

போன வருடம் என் தோள் நன்றாக இருந்தது. அப்படித்தான் நான் நினைத்திருந்தேன். எறிந்த கணமே எதிரணிக்காரன் யாராவது என்மேல் விழுந்து அமுக்குவான்; பந்து எவ்வளவு தூரம் போனது என்று பார்க்கமுடியாது. கைதட்டலைக் கேட்டுத்தான் பந்து பிடிபட்டதை அறிவேன். அந்தப் பந்துகளெல்லாம் எங்கே விழுந்தன என்று அவனிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் சிரித்த முகத்தோடு சொல்லியிருப்பான்.